நோய்ப்பட்ட தங்கமீனை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் பக்கத்து வீடுகளில் கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மீன் சோர்ந்து கிடந்தால் கடைக்கு ஓடி ஏதாவது ஒரு நீல மருந்தை வாங்கி ஊற்றுவதுதான் வழக்கமாக இருக்கிறது. மருந்தில் கை வைக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். வீட்டில் சாகும் தங்கமீன்களில் பெரும்பாலானவை கிருமியால் சாவதில்லை, தண்ணீரால் சாகின்றன. கிருமி பிடித்த மீன்களுக்கும் முதலில் கெட்டது தண்ணீர்தான்.

கேள்வி: மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பசியா, நோயா?

பசி என்றால் நீங்கள் கிட்டே போனதும் ஓடி வரும், போட்டதைத் தின்னும், பிறகு கீழே போய்விடும். மூச்சு முட்டுகிற மீன் யார் வந்தாலும் அசையாது. வாய் தண்ணீர் மட்டத்திலேயே இருக்கும். செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொள்ளும். ஃபில்டர் தண்ணீர் விழுகிற இடமாகப் பார்த்து நிற்கும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கும், அல்லது அம்மோனியா ஏறியிருக்கும். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகத்தான் விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான் வரும். அது செவுளைப் புண்ணாக்கும். செவுள் புண்ணானால் தண்ணீரில் காற்று இருந்தும் மீனால் எடுத்துக்கொள்ள முடியாது.

உடனே செய்ய வேண்டியது: பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போன, ஏறக்குறைய அதே சூட்டில் உள்ள தண்ணீரை ஊற்றுங்கள். ஏர் பம்ப் ஓடட்டும். அன்று தீனி வேண்டாம். மறுநாளும் பாதி மாற்றுங்கள். அம்மோனியா சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி பெரிய மீன் கடைகளில் கிடைக்கும். நூறு மருந்துப் பாட்டில்களைவிட அந்த ஒரு பெட்டி உதவும். பூஜ்யத்துக்கு மேல் எது காட்டினாலும் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும்.

சில நாள் கழித்துத் துடுப்பு ஓரத்திலோ செதிலிலோ கறுப்புக் கறை தெரிந்தால் பயப்படாதீர்கள். அம்மோனியாவால் வெந்த இடம் ஆறும்போது அப்படிக் கறுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். அதை ஊற்றலாமா? குழாய்த் தண்ணீர் நல்லதா?

இரண்டுக்கும் தனித்தனிக் குணம் உண்டு.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து மூடாமல் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஏர் பம்புக் குழாயின் நுனியில் மாட்டிக் குமிழி விடும் ஏர் கல்லைப் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். அவசரத்துக்கு மீன் கடையில் 'ஹைப்போ' என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் கற்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் குழாய்த் தண்ணீர் 50 லிட்டருக்கு ஒரு கிராம் போதும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. தங்கமீன் கடினத் தண்ணீரை நன்றாகவே தாங்கும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆழத்திலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. சில மணி நேரம் காற்றுப் பட வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மற்றது பிஹெச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்; 7-க்கு மேல் போனால் காரம். நம் பக்கம் பல போர்களில் அது 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. அம்மோனியாவில் மீனைக் கொல்கிற பகுதி பிஹெச் ஏற ஏறக் கூடும். 30 டிகிரித் தண்ணீரில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமாக இருக்காது. பிஹெச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல் விஷம். அதனால்தான் வெளியூர்க்காரர் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி நன்றாக வளர்க்கிற அதே மீன், இங்கே அதே கணக்கில் வாடிப்போகிறது. போர் தண்ணீர் வீடுகளில் வாரம் இரண்டு தடவை, கால் பங்காவது மாற்றுங்கள்.

ஊருணித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஊருணியிலிருந்து பாசியோ செடியோ கொசுப்புழுவோ எடுத்து வந்து போடுகிறவர்கள் உண்டு. மீன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் மீன் பேனும் நங்கூரப் புழுவும் பெரும்பாலும் அந்த வழியில்தான் வீட்டுக்குள் வருகின்றன.

கேள்வி: வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் இருக்கிறது. சுத்தமான தண்ணீர்தானே, அதையே ஊற்றினால் என்ன?

இந்தக் கேள்வி செட்டிநாட்டுக்கே உரியது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மழைத்தண்ணீர் நல்லது. ஆனால் அதில் தாது உப்புகளே இல்லாததால் பிஹெச்சைப் பிடித்து நிறுத்தும் தெம்பு அதற்குக் கிடையாது. அதை மட்டும் ஊற்றினால் சில வாரங்களில் பிஹெச் சரசரவென்று இறங்கிவிடும். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் குறையும் தீரும். கடினமான போர் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி.

ஆபத்து தண்ணீரில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. தாழ்வாரத்துக் குழாய்க்குக் கீழே நம் வீடுகளில் வைப்பது செம்பு அண்டா, பித்தளை அண்டா. பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதான். செம்பு மனிதருக்குக் குடிக்கிற அளவில் ஒன்றும் செய்யாது, மீனுக்கு விஷம். அதிலும் மழைத்தண்ணீர் போன்ற மென்மையான தண்ணீரில் செம்பு எளிதாகக் கரையும், மீனை அதிகமாகவும் தாக்கும். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த அண்டா என்றால் இன்னும் மோசம்; தேய்த்த பிறகு உள்பக்கம் வெறும் உலோகமாக நிற்கும். ஈயம் பூசியது என்பார்கள். பழைய அண்டாவின் அடியில் தடவிப் பாருங்கள், ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிகிற இடம் எப்படியும் இருக்கும்.

அந்தத் தண்ணீரை ஊற்றிய சில மணி நேரத்தில் மீன் வேகவேகமாக மூச்சுவிட்டு, உடம்பில் சளி சுரந்து, மூலையில் ஒதுங்கினால் செம்பை முதலில் சந்தேகப்படுங்கள். மீனை வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். மீனுக்கென்று மழைத்தண்ணீர் பிடிப்பதானால் உணவுக்கு ஆகும் பிளாஸ்டிக் டிரம்மிலோ எவர்சில்வர் அண்டாவிலோ பிடியுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள். ஓட்டின் தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

இதோடு சேர்த்து ஒன்று: புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் நேரே மீன் விடக்கூடாது. சுண்ணாம்பு கரைந்து பிஹெச் எக்கச்சக்கமாக ஏறும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, கொட்டி, நிரப்பி, கொட்டிப் பதப்படுத்த வேண்டும்.

கேள்வி: சித்திரை வெயிலில் மீன் சுருண்டு கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றலாமா?

தங்கமீன் குளிர்நீர் மீன். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுத் தொட்டி 32 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் பிராணவாயு பிடிக்குமென்றால், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

ஐஸ் தண்ணீரை நேரே ஊற்றாதீர்கள். சூடு சட்டென்று இறங்குவதும் மீனுக்கு அடிதான். தண்ணீர்ப் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து மூடியோடு மிதக்க விடுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று. அதைவிட நல்லது தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்து வலை போட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணீர் மட்டத்தில் படும்படி திருப்பி வைப்பது. ஆவியாகிப் போவதிலேயே இரண்டு மூன்று டிகிரி குறையும். தண்ணீர் மட்டம் இறங்கினால் மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

தொட்டி வைக்கும் இடமும் முக்கியம். வளவு ஓரத்தில் வைத்தால் அழகுதான், ஆனால் உச்சிவெயில் நேரே இறங்கும். உயர்ந்த கூரையும் கனத்த சுவரும் உள்ள உள்ளறையோ இரண்டாங்கட்டின் நிழலோ பல டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்.

கேள்வி: உப்புப் போட்டால் எல்லா நோயும் போகும் என்கிறார்களே. எவ்வளவு, எந்த உப்பு?

எல்லா நோயும் போகாது. ஆனால் வீட்டில் இருக்கிற மருந்துகளில் அளவோடு போட்டால் கெடுதல் குறைவாகவும் பயன் அதிகமாகவும் உள்ளது உப்புதான். வெள்ளைப்புள்ளி, செவுள் எரிச்சல், சிறு காயம், புது மீனின் அலுப்பு இவற்றுக்குக் கேட்கும். ஃபில்டர் பழகாத, அதாவது அதில் நல்ல பாக்டீரியா இன்னும் உருவாகாத தொட்டியில் அம்மோனியா மாறி வருகிற நைட்ரைட் என்ற விஷம் ஏறினால் அது மீனின் ரத்தத்துக்குள் போவதையும் உப்பு தடுக்கும். அதற்கு லிட்டருக்கு ஒரு கிராமே போதும்.

கல்லுப்பு போதும். அயோடின் கலந்தது கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. நாம் போடும் அளவில் அந்த அயோடின் மீனை ஒன்றும் செய்யாது.

முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். இரண்டடித் தொட்டி, 60, 30, 30 என்றால் 54; கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 45 கிராம் உப்பைத் தனியே கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். 12 மணி நேரம் கழித்து இன்னொரு 45, மறுபடி 12 மணி நேரத்தில் இன்னொரு 45. அப்போது லிட்டருக்கு 3 கிராம் ஆகும். அதற்கு மேல் தொட்டியில் வேண்டாம். கரண்டியால் அளக்காதீர்கள், கல்லுப்பின் பருமனுக்கு ஏற்ப எடை மாறும். சமையலறைத் தராசு இல்லாவிட்டால் மளிகைக் கடையில் நிறுத்து வாங்குங்கள்.

உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றிய இடத்தை நிரப்பும்போது உப்புச் சேர்க்கக்கூடாது. தண்ணீரை எடுத்து மாற்றினால் எடுத்த அளவுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். இதை மறந்து உப்பை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர். தொட்டியில் செடி இருந்தால் வாடும். உங்கள் போர் தண்ணீரே உவர்ப்பு என்றால் பாதி அளவோடு நிறுத்துங்கள்.

கேள்வி: உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. இது தொற்றுமா?

ரவை தூவியதுபோல் உடம்பிலும் துடுப்பிலும் வாலிலும் புள்ளி இருந்து, மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். இக் என்பார்கள். ஒட்டுண்ணி. தொட்டியில் உள்ள எல்லா மீனுக்கும் பரவும்.

ஆனால் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். புள்ளிகள் செவுள் மூடியிலும், பக்கத் துடுப்பின் முன் எலும்பிலும் மட்டும் வரிசையாக இருந்து, மீன் சுறுசுறுப்பாக மற்ற மீன்களைத் துரத்திக்கொண்டிருந்தால் அது நோயே இல்லை. ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது வருகிற முள். அதற்கு மருந்து ஊற்றி நல்ல மீனைக் கொன்றுவிட வேண்டாம்.

நோய்தான் என்றால் அதன் சுற்றைப் புரிந்துகொள்ளுங்கள். புள்ளியாகத் தெரிவது மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணி. அதை எந்த மருந்தும் தொடாது. அது முற்றி, விழுந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் குஞ்சாக வெளியே வந்து நீந்தும்போது மட்டும்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தினால் அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பும். மேலே சொன்ன 3 கிராம் உப்பை இரண்டு வாரம் விடாமல் வைத்திருங்கள். தினமும் அடியில் சேர்ந்ததைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள், கூடுகளும் அதோடு போகும். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள்.

நம் ஊரில் இது ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் திடீரென்று குளிரும்போதும், புது மீன் வாங்கி வந்து நேரே விடும்போதும்தான் அதிகம்.

கேள்வி: மீன் தலைகீழாக மிதக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது.

உருண்டை வயிறும் இரட்டை வாலும் உள்ள ஒராண்டா, ரியூகின், ஃபேன்டெயில் வகைகளுக்கு இது அடிக்கடி வரும். உடலைக் குட்டையாக்கி வளர்த்தெடுத்த இனங்கள் என்பதால் உள்ளே குடலும் காற்றுப் பையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தங்கமீனுக்கு இரைப்பையும் கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். மிதக்கும் தீனியை மேலே வந்து கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். உலர்ந்த தீனி உள்ளே போய் ஊதும். மலச்சிக்கல் வந்ததும் சமநிலை போய்விடும்.

இரண்டு நாள் பட்டினி போடுங்கள். மூன்றாம் நாள் பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலுரித்து, உப்பு சேர்க்காமல், மீனின் கண்ணளவுக்குக் கிள்ளிப் போடுங்கள். அதுவும் கேட்காவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பை 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கரைத்து ஊற்றலாம். இது கல்லுப்பு அல்ல, மக்னீசியம் சல்பேட், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். குணமான பிறகு தண்ணீரில் அமிழும் தீனிக்கு மாறுங்கள். அதையும் ஒரு நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள்.

சில மீன்களுக்கு இது நிரந்தரமாகிவிடும். அப்படியும் அது தின்கிறது, வால் அசைக்கிறது என்றால் கைவிட வேண்டாம். ஆழம் குறைந்த டப்பில் வைத்துக் கையால் ஊட்டிப் பல காலம் வளர்க்கலாம். வயிறு தண்ணீருக்கு மேலே நின்று காய்ந்து புண்ணாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வால் நைந்து கிழிகிறது. ஓரத்தில் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது.

துடுப்பு அழுகல். பஞ்சு என்பது புண்மேல் வளர்ந்த பூஞ்சை. தண்ணீர் கெட்ட தொட்டியில்தான் இது வரும், தண்ணீர் சரியானால் பாதி தானே ஆறும். பஞ்சு இருந்தால் மீனைத் தனி டப்பில் போட்டு, மெத்திலீன் ப்ளூவைப் பாட்டிலில் சொன்ன அளவில் விடுங்கள். பெரிய தொட்டியில் விடாதீர்கள், ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவை அது கெடுத்துவிடும். கண்ணாடிக்கு ஒட்டிய சிலிக்கானும் நீலமாகிவிடும்.

கேள்வி: வயிறு ஊதி, செதிலெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது.

மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் விரிந்து நின்றால் உள்ளே சிறுநீரகம் செயலிழந்து நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. தனியே எடுத்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்து, மேலே சொன்ன எப்சம் உப்பு அளவைப் போட்டுப் பாருங்கள். வீங்கிய ஆரம்பம் என்றால் சில மீன்கள் மீளும். வீட்டு வைத்தியம் இதற்குப் போதாது.

கேள்வி: உடம்பில் நூல்போல் ஒன்று தொங்குகிறது.

நங்கூரப் புழு. தலை தசைக்குள் புதைந்திருக்கும், தெரிவது அதன் உடல். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நிதானமாக இழுங்கள். நடுவில் பிடித்தால் அறுந்து தலை உள்ளேயே தங்கும். புண்ணில் பஞ்சால் பொவிடோன் அயோடின் தொட்டு வைத்து உடனே தண்ணீரில் விடுங்கள். செவுளிலும் கண்ணிலும் மருந்து படக்கூடாது. மீன் பேன் என்பது வேறு. தட்டையாக, கண்ணாடிபோல், உடம்பில் நகரும். அதையும் இப்படியே எடுக்கலாம்.

எடுத்தால் மட்டும் தீராது, தொட்டியில் குஞ்சும் முட்டையும் இருக்கும். மீனை டப்புக்கு மாற்றிவிட்டுத் தொட்டி, கல், வலை எல்லாவற்றையும் ஒரு வாரம் வெயிலில் காயப் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மிஞ்சிய மருந்து இதற்கு இல்லை.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு சிட்டிகை போடச் சொல்வார்கள். வேலை செய்யும் மருந்துதான், ஆனால் அரை மணி நேரக் குளியலுக்கே லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் அளவு. ஒரு சிட்டிகை கால் கிராம்வரை வந்துவிடும். பத்து லிட்டர் வாளியில் அது இரண்டரை மடங்கு. பிஹெச் கூடிய நம் தண்ணீரில் செவுளில் வேறு படியும். நிறுக்க வசதியில்லாதவர்கள் தொடவேண்டாம்.

கேள்வி: கடையில் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டச் சொன்னார்கள்.

இதை அடித்தே சொல்கிறேன்: வேண்டாம். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மீனுக்குள் போகிற மருந்து சொற்பம். போர் தண்ணீர் வீட்டில் நீங்கள் பார்க்கப்போவது பழுப்பு நிறத் தண்ணீரும் நுரையும்தான். கூடவே ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபட்டு அம்மோனியா ஏறும். மீன் இரண்டாம் முறை நோய்ப்படும். ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்படும் நோய்கள் உண்டு. அதைக் கால்நடை மருத்துவர் சொல்லி, தீனியில் கலந்து, சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அப்பத்தா மஞ்சளும் வேப்பிலையும் போட்டால் சரியாகும் என்கிறார்.

பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், மனிதருக்கும் மாட்டுக்கும் அது கேட்டிருக்கும். ஆனால் வேம்பில் உள்ள அசாடிராக்டின் மீனுக்கு ஆகாது. மஞ்சள்தூள் கரையாமல் செவுளில் படியும். அப்பத்தாவின் மனம் கோணக்கூடாது என்றால் நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் டீ நிறமாகும். கெடுதல் இல்லை, பூஞ்சைக்கு லேசான தடையும் உண்டு.

வீட்டுப் பழக்கங்களில் இன்னும் ஒன்று இதைவிட முக்கியம். கொசுவர்த்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே இவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் இவை வேண்டாம். சாம்பிராணிப் புகை போடும்போதும் பம்பை அறைக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: பொரி போடலாமா?

வேண்டாம். சோறும் இட்லியும்கூட. ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி, நாளுக்கு இருமுறை. நோய்ப்பட்ட மீனுக்கு ஓரிரு நாள் பட்டினி மருந்து.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரன்ட் நிறுத்துகிறார்கள். அன்று என்ன செய்வது?

முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடுவதால் தயாராகலாம். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை ஒரு மக் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள். அன்று தீனி கிடையாது. முந்தின நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பெட்டி ஃபில்டராக இருந்தால் கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். எட்டு மணி நேரம் காற்றில்லாமல் உள்ளே நின்ற தண்ணீர் நாறிப்போயிருக்கும். அதைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓட்டுங்கள். எப்போதுமே ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. அம்மோனியாவைத் தின்று மீனைக் காப்பாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அது உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், குளோரின் பட்டால் ஒரே கழுவலில் போய்விடும்.

கேள்வி: மேசைமேல் வைக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மீன்தானே இருக்கிறது. அதற்குமா இவ்வளவு?

கிண்ணமே நோய்க்குக் காரணம். ஒரு தங்கமீனுக்கு 50 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் ஃபில்டரும் வேண்டும். ஒழுங்காக வளர்த்தால் பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்கிற உயிர் அது. இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-ல் இறந்தது. கிண்ணத்தில் ஆறு மாதத்தில் செத்துப்போனால் 'அதன் ஆயுசு அவ்வளவுதான்' என்று சொல்வது நியாயமில்லை.

கேள்வி: யாரிடம் காட்டுவது?

நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களில் ஆடு மாடுதான் அதிகம் வரும், ஆனாலும் கேட்கத் தயங்காதீர்கள். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மீன் நோய்க்கென்றே படித்தவர்கள் வேண்டுமானால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும், அதன் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் உண்டு. போகுமுன் மீனின் தெளிவான காணொளி ஒன்றும், தொட்டியின் அளவு, தண்ணீர் மாற்றிய நாள், போட்ட மருந்து எல்லாம் எழுதிய தாளும் தயாராக வையுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: இனி பிழைக்காது என்று தெரிகிறது. துடிப்பதைப் பார்க்க முடியவில்லை.

ஃப்ரீசரில் வைப்பதும், வெந்நீரில் போடுவதும், தரையில் விட்டுவிடுவதும் கொடுமை. கிராம்பு எண்ணெய் மீனை மயக்கும். ஒரு லிட்டருக்கு அரை மில்லி கணக்கில் எடுத்து, ஒரு சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் நிறமாகும்வரை குலுக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் மெதுவாகக் கலக்கவும். சில நிமிடங்களில் உணர்வு போகும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும்.

செடிக்கு அடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அதே நிறத்தில் வேறு மீனை வாங்கி விடுவதை நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

நோய்ப்பட்ட மீனை 'எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும்' என்று ஊருணியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். அதன் நோய் அங்குள்ள மீன்களுக்குப் போகும். நோயில்லாத தங்கமீனும் அடிச் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிடும். ஊரே காத்து வைத்திருக்கிற தண்ணீர் அது.

கேள்வி: அதே தொட்டியில் மறுபடி மீன் விடலாமா? எப்போது?

செத்த மீனுக்கு என்ன நோய் என்று தெரிந்து, அது தொற்றாதது என்றால், தண்ணீர் சரிபார்த்து விடலாம். வெள்ளைப்புள்ளியோ புழுவோ இருந்திருந்தால் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் ஒரு வாரம் காயவைத்துவிட்டு, ஃபில்டரை முதலிலிருந்து பழக்க வேண்டும்.

புது மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தைகளிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைபட்டு, பல கை மாறி நம் ஊர்க் கடைக்கு வருகிறது. களைத்த மீனில் எந்த நோயும் ஒளிந்திருக்கும். வாங்கி வந்ததும் பையைத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையால் எடுங்கள். மூன்று வாரம் தனி டப்பில், லிட்டருக்கு ஒரு கிராம் உப்பில், ஏர் கல்லோடு வையுங்கள். அந்த டப்புக்குத் தனி வலை, தனி மக். மூன்று வாரமும் நன்றாகத் தின்று, புள்ளியோ புழுவோ தெரியாமல் இருந்தால் மற்ற மீன்களோடு விடலாம்.